சாகாக்கள் வாய்மூடும் இடம்

பத்தாம் நூற்றாண்டில், இன்றைய ஸ்வீடனின் மேற்குக் கரைக்கு எதிரே உள்ள தீவுகளில் ஒரு பெரிய சந்தை கூடியது. வீடு கட்ட மரம் வாங்குவதற்காக ஐஸ்லாந்திலிருந்து வந்திருந்த ஹொஸ்குல்ட் என்ற பண்ணைக்காரன் அங்கே ஓர் அடிமை வணிகனின் கூடாரத்துக்குள் நுழைந்தான். வணிகன் திரையை விலக்கிக் காட்டினான். பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கூடாரத்தின் ஓரத்தில் கந்தல் உடுத்தியிருந்த ஒருத்தியை ஹொஸ்குல்ட் விலை கேட்டான். மற்றவர்களுக்கு ஒரு மார்க் வெள்ளி என்றால் இவளுக்கு மூன்று மார்க். விலை சொன்ன கையோடு வணிகன் ஒரு குறையையும் சொன்னான்: இவள் ஊமை. ஹொஸ்குல்ட் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்கிக்கொண்டான்.

ஐஸ்லாந்தில் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். பையனுக்கு இரண்டு வயதிருக்கும். வெயிலடித்த ஒரு காலை, பண்ணையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய ஹொஸ்குல்டுக்கு ஓடைப் பக்கமிருந்து பேச்சுக் குரல் கேட்டது. போய்ப் பார்த்தான். ஊமைப் பெண் தன் மகனிடம் பேசிக்கொண்டிருந்தாள். இனி மறைத்துப் பயனில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. பெயர் மெல்கோர்கா. அயர்லாந்தின் அரசன் ஒருவனுடைய மகள். பதினைந்து வயதில் சிறைபிடிக்கப்பட்டவள்.

இது லாக்ஸ்டேலா சாகாவில் வருகிறது. 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட நெடுங்கதை அது. அத்தனை ஆண்டுகள் அவள் ஏன் பேசாமலிருந்தாள்? அச்சமா, வைராக்கியமா, தன்னிடம் மிச்சமிருந்த ஒரே உடைமை பேச்சுத்தான் என்ற எண்ணமா? சாகா இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. ஓடைக்கரையில் என்ன பேசினாள் என்பதையும் சொல்லவில்லை.

சாகாக்களை மூலமாக வைத்து வரலாற்று நாவல் எழுத வருகிறவர் முதலில் வந்து நிற்கும் இடம் இதுதான். நடந்தது தெரியும், பேசியது தெரியும், நினைத்தது தெரியாது. தெரியாத அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதே அவருடைய தொழில். கடந்த அறுபது ஆண்டுகளில் இந்தத் தொழிலுக்கு எதிர்பாராத ஒரு துணை கிடைத்திருக்கிறது. மண்ணைத் தோண்டுகிறவர்களும், மர வளையங்களை எண்ணுகிறவர்களும், எலும்பின் மரபணுவைப் படிக்கிறவர்களும் சாகாக்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மெல்கோர்கா என்ற ஒருத்தி வாழ்ந்தாளா என்று அவர்களால் சொல்ல முடியாது. ஆனால் 2000-ஐ ஒட்டி அக்னர் ஹெல்கசன் முதலான மரபியலாளர்கள் இன்றைய ஐஸ்லாந்து மக்களை ஆராய்ந்தபோது ஒன்று தெரியவந்தது. தந்தைவழியைப் பார்த்தால் முதல் குடியேறிகளில் நான்கில் மூன்று பங்கு ஆண்கள் ஸ்காண்டிநேவியர்கள். தாய்வழியைப் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சிலர் மனைவியராக வந்திருப்பார்கள். கடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதை மரபணு சொல்லாது. என்றாலும் சாகா ஒருத்தியைப் பற்றிச் சொன்னதற்குப் பின்னால் ஒரு கூட்டமே நிற்கிறது என்பது உறுதியாகிறது. இது தெரிந்த பிறகு மெல்கோர்காவை எழுதுகிறவர் அவளைத் தனிப்பட்ட ஓர் அதிசயமாக எழுத முடியாது. பக்கத்துப் பண்ணைகளிலும் அவளுடைய மொழி தெரிந்த பெண்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் எதிரிலும் அவள் ஊமையாகத்தான் இருந்தாளா? சாகாவைப் படித்தபோது எழாத கேள்வி ஆய்வகத்திலிருந்து எழுந்து வருகிறது.

சாகாக்களின் எழுத்துமுறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது புரியாமல் அவற்றைத் தொட்டு எழுதியவர்கள் பலர் இடறியிருக்கிறார்கள். சாகா மனசுக்குள் நுழையாது. 'அவன் துக்கத்தில் துடித்தான்' என்று எழுதாது. எகில் என்ற கவிஞன், போராளி, கொலைகாரன், இங்கிலாந்தின் அரசன் ஏதெல்ஸ்டனுக்காகப் போரிட்டபோது தன் அண்ணன் தோரோல்ஃபை இழக்கிறான். அண்ணனைப் புதைத்துவிட்டு அரசனின் விருந்து மண்டபத்துக்கு வந்து, எதிர் இருக்கையில் தலைக்கவசத்தோடு உட்கார்கிறான். கத்தியை மடியில் வைத்துப் பாதி உருவுகிறான், திரும்ப உறைக்குள் தள்ளுகிறான். ஒரு புருவம் கன்னம்வரை இறங்குகிறது, இன்னொன்று மயிர்க்கால்வரை ஏறுகிறது. கொடுத்த மதுவைத் தொடவில்லை. ஏதெல்ஸ்டன் ஒரு தங்க வளையத்தைக் கழற்றித் தன் கத்தி முனையில் மாட்டி, மண்டபத்து நெருப்புக்கு மேலே நீட்டுகிறான். எகில் எழுந்துபோய்த் தன் கத்தி முனையால் அதை வாங்கிக்கொள்கிறான். புருவங்கள் சமனாகின்றன. அவ்வளவுதான் காட்சி. துக்கம், கோபம், இழப்புக்கு ஈடு கேட்கும் பிடிவாதம், அரசனுடைய அச்சம் எல்லாம் அந்தப் புருவங்களிலும் அந்த இரண்டு கத்தி முனைகளிலும் இருக்கின்றன. இதை எடுத்து மூன்று பக்க மன ஓட்டமாக விரித்தால் நாவலாசிரியர் சாகாவைவிடக் குறைவாகவே சொல்லியிருப்பார்.

ஸ்வீடனின் ஃப்ரான்ஸ் பெங்ட்ஸன் இதைப் புரிந்துகொண்டவர். 1941-லும் 1945-லும் இரண்டு பாகமாக வெளிவந்த 'ரோடே ஓர்ம்' நாவலில் தன் மாந்தர்களை அவர்களுடைய செயலாலும் பேச்சாலும் மட்டுமே காட்டினார். அமெரிக்காவின் ஜேன் ஸ்மைலி 1988-ல் வெளியிட்ட 'தி கிரீன்லாந்தர்ஸ்' நாவல் சாகாவின் அதே நிதானமான குரலில் ஒரு குடியேற்றம் தேய்ந்துபோவதைச் சொல்கிறது. ஐஸ்லாந்தின் ஹால்டோர் லாக்ஸ்னஸ் 1952-ல் எழுதிய 'கெர்ப்லா' எதிர்த்திசையில் போனது. சாகாவின் மொழியையே எடுத்துக்கொண்டு, சாகா போற்றிய வீரத்தின் வெறுமையைத் திறந்து காட்டியது. மூன்று வருஷம் கழித்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவர்கள் மூவரும் அறிந்திருந்த இன்னோர் உண்மையும் உண்டு. சாகாக்களை எழுதியவர்களே ஒருவகையில் வரலாற்று நாவலாசிரியர்கள்தாம். சம்பவங்கள் நடந்தது 9, 10, 11-ஆம் நூற்றாண்டுகளில். அவை கன்றுத்தோலில் ஏறியது பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டில். இடையில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாய்மொழிதான். எழுதியவர்கள் கிறிஸ்தவர்கள், எழுதப்பட்டவர்களில் பலர் தோரையும் ஓடினையும் வணங்கியவர்கள். கேட்டதை எழுதினார்கள், கேட்காததை இட்டு நிரப்பினார்கள். எது எந்த அளவு என்று பிரிப்பதற்குச் சாகாவுக்குள்ளேயே வழி கிடையாது. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி மிகத் துல்லியமாக வந்து சேர்ந்தது வின்லாந்துக் கதையில்தான்.

கிரீன்லாந்திலிருந்து மேற்கே போய் வின்லாந்து என்ற புதிய நாட்டைக் கண்டவர்களைப் பற்றி இரண்டு சாகாக்கள் இருக்கின்றன. கிரீன்லாந்தர் சாகா ஒன்று, செம்பட்டை எரிக்கின் சாகா மற்றொன்று. அடிப்படையில் ஒரே கதை. எரிக்கின் மகன் லேய்ஃப், பிறகு தோர்ஃபின் கார்ல்செஃப்னி என்ற வணிகன், அவன் மனைவி குத்ரித், வின்லாந்தில் அவர்களுக்குப் பிறந்த ஸ்னோரி, லேய்ஃபின் சகோதரி ஃப்ரெய்டிஸ் எல்லாரும் வருகிறார்கள். ஆனால் ஃப்ரெய்டிஸைப் பற்றி இரண்டும் சொல்வதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எரிக்கின் சாகாவில், அந்நாட்டு மக்கள் தாக்க வரும்போது ஆண்கள் ஓடுகிறார்கள். ஃப்ரெய்டிஸ் நிறைமாதக் கர்ப்பிணி, வேகமாக ஓட முடியவில்லை. காட்டுக்குள் செத்துக் கிடக்கும் ஒருவனின் கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பி நிற்கிறாள். மார்பைத் திறந்து கத்தியின் பட்டையால் அறைந்துகொள்கிறாள். தாக்க வந்தவர்கள் மிரண்டு ஓடிவிடுகிறார்கள். கிரீன்லாந்தர் சாகாவில் அவள் வேறொருத்தி. ஹெல்கி, ஃபின்போகி என்ற இரண்டு சகோதரர்களோடு கூட்டுச் சேர்ந்து வின்லாந்துக்கு வருகிறாள். அவர்களுடைய பெரிய கப்பலின் மேல் அவளுக்குக் கண். அவர்கள் தன்னை அடித்து அவமானப்படுத்தியதாகக் கணவனிடம் பொய் சொல்லி, அவர்களையும் அவர்கள் ஆட்களையும் கொல்லவைக்கிறாள். கூட இருந்த ஐந்து பெண்களைக் கொல்ல ஆண்கள் யாரும் முன்வராதபோது, கோடரியைக் கேட்டு வாங்கித் தானே வெட்டிப்போடுகிறாள்.

எந்த ஃப்ரெய்டிஸ் உண்மை? பல நாவல்கள் ஒன்றைத் தேர்ந்துகொள்கின்றன, அல்லது இரண்டையும் ஒட்டவைத்து 'ஆவேசமான பெண்' ஒருத்தியை உண்டாக்குகின்றன. இரண்டாவது வழி எனக்குச் சோம்பலாகவே படுகிறது. கவனிக்க வேண்டியது வேறு. கிரீன்லாந்தர் சாகாவின் முடிவில் குத்ரித்தின் வழிவந்த மூன்று ஆயர்களின் பெயர் வருகிறது. அதாவது இந்தக் கதையைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களுக்குக் குத்ரித் குலத்தாய். அவள் பொறுமைசாலி, பக்தை, முதுமையில் ரோமாபுரிக்கு யாத்திரை போய்வந்து துறவியாக முடிந்தவள். அப்படிப்பட்ட மூதாட்டிக்கு எதிரில் நிறுத்த ஒரு கொடியவள் கதைக்குத் தேவைப்பட்டிருக்கலாம். ஃப்ரெய்டிஸுக்காகப் பரிந்து பேச எந்த ஆயரும் பிறக்கவில்லை. என்னைக் கேட்டால், நல்ல நாவல் ஃப்ரெய்டிஸை வின்லாந்தில் மட்டும் தேடாது. இரண்டு நூற்றாண்டுகளில் அவள் கதை யார் யார் வாயில் எப்படி மாறியது என்பதையும் சேர்த்தே சொல்லும்.

இனி சாட்சி. 1960-ல் நார்வேயின் ஹெல்கே இங்ஸ்டாட் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வடமுனைக்குப் போனார். லான்ஸ் ஓ மெடோஸ் என்ற மீனவக் கிராமத்தில், புல் மூடிய மேடுகளை உள்ளூர்க்காரர் ஒருவர் காட்டினார். இங்ஸ்டாடின் மனைவி அன் ஸ்டீன் தொல்லியலாளர். 1961 முதல் 1968 வரை அவர் தலைமையில் தோண்டினார்கள். புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய எட்டுக் கட்டடங்களின் அடித்தளம் கிடைத்தது. ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் அன்று கட்டிய அதே முறை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கொல்லன் உலை. சதுப்பு நிலத்திலிருந்து இரும்பு எடுத்து உருக்கிய கசடு. கப்பலுக்கு அடிக்கும் ஆணிகள். ஆடையை மேலே செருகிக்கொள்ளும் வெண்கல ஊசி. நூல் நூற்கும் தக்ளியின் கல் வட்டு ஒன்று.

அந்தக் கல் வட்டு சின்னதுதான். ஆனால் நாவலாசிரியருக்கு அதன் மதிப்பு அதிகம். நூற்பது அந்தச் சமூகத்தில் பெண்கள் வேலை. ஆகவே அங்கே பெண்கள் இருந்தார்கள், சாகா சொன்னதுபோலவே. அவர்கள் எதற்காக ஓயாமல் நூற்றார்கள் என்பதைக் கப்பலிடம் கேட்க வேண்டும். டென்மார்க்கின் ரோஸ்கில்டேயில் வைக்கிங் காலக் கப்பல்களைப் பழைய கருவிகளால் திரும்பக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். கம்பளிப் பாயை நூற்று நெய்து முடிக்கிற வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது, கப்பலின் மரவேலைக்கு அது சளைத்ததில்லை. சாகாக்கள் கப்பல்களைப் பெயர் சொல்லிப் புகழ்கின்றன. பாயை நெய்த கைகளைப் பற்றி அவற்றுக்குப் பேச்சே இல்லை. மேற்கே போன ஒவ்வொரு பயணமும் பல குளிர்காலங்களுக்கு முன்பே, கிரீன்லாந்தின் இருட்டு வீடுகளில், தக்ளி சுற்றும்போதே தொடங்கிவிட்டது. வின்லாந்து நாவல் ஒன்றை அங்கே தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

எந்த ஆண்டு என்பது மட்டும் நெடுநாள் பிடிபடவில்லை. சாதாரணக் கார்பன் கணிப்பு ஐம்பது, நூறு ஆண்டுப் பிழையோடுதான் விடை சொல்லும். சாகாவின் கணக்கில் லேய்ஃப் போனது 1000-ஐ ஒட்டி. அதற்கு மேல் நெருங்க வழியில்லாதிருந்தது. வழி விண்வெளியிலிருந்து வந்தது.

வானத்தின் மேலடுக்கில் உயர் ஆற்றல் துகள்கள் வந்து மோதும்போது நைட்ரஜன் அணுக்களில் சில, கார்பன்-14 ஆக மாறுகின்றன. அது கரியமில வாயுவாக மாறிக் காற்றில் பரவும். மரங்கள் அதை உள்ளிழுத்து அந்தந்த ஆண்டின் வளையத்தில் சேர்த்துவைக்கும். வழக்கமாக இந்த அளவு ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாது. ஜப்பானின் ஃபூசா மியாகேயும் அவருடைய குழுவும் பழைய தேவதாரு மரங்களின் வளையங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்து, 774-775-ல் இந்த அளவு திடீரென்று எகிறியிருப்பதை 2012-ல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே 993-ஐ ஒட்டி இன்னொரு எகிறலையும் கண்டார்கள். சூரியனில் வெடித்த பெரும் புயலே காரணம் என்பது இன்று பெரும்பாலோர் கருத்து. அப்படியொரு புயலின் தடயம் உலகம் முழுவதும் பதியும். ஐஸ்லாந்துக்காரர்கள் இன்னும் தோரை வணங்கிக்கொண்டிருந்த, தஞ்சையில் ராஜராஜன் ஆண்டுகொண்டிருந்த அந்த நேரத்தில் உயிரோடு நின்ற மரம் எங்கே இருந்தாலும் தன் உடம்பில் அந்தக் குறியை ஏற்றுக்கொண்டது.

லான்ஸ் ஓ மெடோஸின் சதுப்பில் மரத்துண்டுகள் அழுகாமல் கிடந்தன. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோட் குய்ட்டெம்ஸ், மைக்கேல் டீ முதலியோர் மூன்று வெவ்வேறு மரங்களிலிருந்து வந்த மூன்று துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். மூன்றிலும் இரும்புக் கருவியால் வெட்டிய தடம் இருந்தது. அந்தப் பகுதியின் பழங்குடிகளிடம் அன்று இரும்பு வெட்டுக்கருவி இல்லை. மூன்றிலும் பட்டையை ஒட்டிய கடைசி வளையமும் மிஞ்சியிருந்தது. வளையம் வளையமாக அளந்து 993-இன் குறியைத் தேடினார்கள். கிடைத்தது. அங்கிருந்து பட்டைவரை எண்ணினார்கள். இருபத்தெட்டு. மூன்று மரங்களிலும் அதே இருபத்தெட்டு. 993-ஓடு 28-ஐக் கூட்டினால் 1021. ஒன்று வசந்தத்தில் வெட்டப்பட்டது, இன்னொன்று கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் இடையில் என்பதுவரை வளையத்தின் செல்கள் காட்டிக்கொடுத்தன. 2021-இல், மரங்கள் வெட்டுப்பட்டுச் சரியாக ஆயிரம் ஆண்டு கழித்து, இந்த முடிவு 'நேச்சர்' இதழில் வந்தது.

இந்த முடிவை நான் முதலில் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை. பெயர் தெரியாத ஒருவன் கோடரியை ஓங்கிய ஆண்டு நமக்குத் தெரிகிறது. எரிக் இறந்த ஆண்டு தெரியாது, லேய்ஃப் பிறந்த ஆண்டு தெரியாது. இந்த மரவெட்டியின் ஆண்டு தெரிகிறது. அவன் பெயர் எந்தச் சாகாவிலும் வந்திருக்க வாய்ப்பில்லை. நாவலாசிரியருக்கு இது ஒரே நேரத்தில் விலங்கும் விடுதலையும். லேய்ஃபின் முதல் பயணத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது என்றால், சாகாக்கள் எண்ணிச் சொல்லும் சில பயணங்களோடு கதை முடியாமல் இருந்திருக்கலாம். சொல்லப்படாத பயணங்கள் இருந்திருக்கலாம். அவற்றில் போனவர்களுக்குக் கதை இல்லை.

இன்னொரு சின்னப் பொருள், என் கண்ணில் கல் வட்டுக்குச் சமமானது. அக்ரூட் இனத்தைச் சேர்ந்த பட்டர்நட் கொட்டைகள் சில அங்கே கிடைத்தன. நியூஃபவுண்ட்லாந்தில் அந்த மரம் வளர்வதில்லை, அன்றும் வளரவில்லை. அது வளரும் மிக அருகான இடம் தெற்கே, இன்றைய நியூ பிரன்ஸ்விக் பக்கம். காட்டுத் திராட்சை விளைவதும் அந்தப் பக்கத்தில்தான். வின்லாந்தில் திராட்சை விளைந்தது என்று சாகா சொன்னதை நெடுநாள் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள், இத்தனை வடக்கே திராட்சை ஏது என்று. கொட்டைகள் அந்தச் சிக்கலை அவிழ்த்துவிட்டன. இந்த வீடுகள் ஒரு தங்குதளம். குளிரை இங்கே கழித்துவிட்டுக் கோடையில் தெற்கே போய்த் திரும்பியிருக்கிறார்கள். இங்கே கல்லறை ஒன்றும் கிடைக்கவில்லை, மாட்டுக்கொட்டில் கிடைக்கவில்லை. நிலைத்து வாழ வந்தவர்கள் விட்டுச்செல்லும் தடயம் எதுவும் இல்லை.

திரும்பிப் போனவர்களில் கார்ல்செஃப்னியும் குத்ரித்தும் ஐஸ்லாந்தின் க்ளவும்பேர் பண்ணையில் குடியேறியதாகக் கிரீன்லாந்தர் சாகா சொல்கிறது. 2001-ல் ஜான் ஸ்டைன்பெர்க்கின் குழு நிலத்தின் மின்கடத்தும் திறனை அளக்கும் கருவியோடு அங்கே வயல்களில் நடந்தது. இன்றைய பண்ணை வீட்டை விட்டு விலகி, வைக்கோல் வயலுக்கு அடியில் 11-ஆம் நூற்றாண்டு நெடுவீடு ஒன்று புதைந்திருப்பது தெரிந்தது. 1104-இல் ஹெக்லா எரிமலை கக்கிய வெளிர்ச் சாம்பல் அதன் மேல் படிந்திருந்தது. அதற்கு முன்பே வீடு கைவிடப்பட்டுவிட்டது என்று பொருள். அது குத்ரித்தின் வீடு என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அவள் வாழ்ந்த காலத்து வீடு, சாகா சொன்ன பண்ணையில், சாகா சொன்ன தலைமுறைக்குரியது. இவ்வளவுதான் மண் சொல்லும். இவ்வளவு சொன்னதே பெரிது.

ஆனால் அறிவியல் கொடுப்பதையெல்லாம் நாவலுக்குள் கொட்டலாமா? இங்கே மறுபடியும் எகிலிடம் வர வேண்டியிருக்கிறது. அவன் இறந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, மோஸ்ஃபெல்லில் தேவாலயத்தை இடம் மாற்றியபோது ஒரு பெரிய மண்டையோடு வெளிவந்ததாக அவன் சாகா சொல்கிறது. சிப்பியின் புறம்போல வரிவரியாக இருந்தது, கோடரியின் பின்பக்கத்தால் ஓங்கி அடித்தும் உடையவில்லை, அடிபட்ட இடம் வெளுத்ததோடு சரி. அமெரிக்க ஆய்வாளர் ஜெஸ்ஸி பையாக் இதை எலும்பு தடித்துப்போகும் பேஜெட் நோயின் அடையாளமாகப் படித்தார். முதுமையில் எகிலுக்கு வந்த செவிடு, குருடு, தீராத குளிர், தள்ளாட்டம் எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன. மண்டையோடு நம் கையில் இல்லாததால் இது கருதுகோளாகவே நிற்கிறது. கேட்க அழகான கருதுகோள். என்றாலும் இதை நாவலில் விளக்கமாக வைத்தால் எகில் நோயாளியாகச் சுருங்கிவிடுவான். நோய் அவன் உடம்பில் இருக்கட்டும். தலை பாரமாக இருக்கட்டும், நெருப்பருகே போய் உட்கார்ந்து வேலைக்காரிகளிடம் ஏச்சு வாங்கட்டும். நோயின் பெயர் நாவலுக்குள் வர வேண்டாம், அவன் காலத்தில் அந்தப் பெயர் கிடையாது.

அதே எகில் மகனைப் பறிகொடுத்த காட்சியைப் பாருங்கள். பொத்வர் என்ற மகன் ஃபியோர்டில் படகு கவிழ்ந்து இறக்கிறான். எகில் உடலைத் தேடி எடுத்துத் தன் தந்தையின் புதைமேட்டில் சேர்க்கிறான். பிறகு வீட்டுக்கு வந்து படுக்கை அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு உண்ணாமல் குடிக்காமல் படுத்துவிடுகிறான். சாகத் தீர்மானித்துவிட்டான் என்று வீட்டாருக்குத் தெரிகிறது. மூத்த மகள் தோர்கெர்டுக்கு ஆள் அனுப்புகிறார்கள். அவள் வந்து, நானும் உங்களோடு சாகிறேன் என்று சொல்லி உள்ளே போய்ப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறாள். சிறிது நேரத்தில் எதையோ மெல்லும் சத்தம். என்ன மெல்லுகிறாய் என்று தந்தை கேட்கிறான். கடல்பாசி, சீக்கிரம் சாவதற்கு, என்கிறாள். அவனும் வாங்கி மெல்லுகிறான். பாசியின் உப்பு தாகத்தைக் கிளப்புகிறது. தண்ணீர் கேட்கிறாள். கொம்புக் கோப்பை வருகிறது, இருவரும் குடிக்கிறார்கள். ஐயோ, ஏமாந்துவிட்டோம், இது பால், என்கிறாள் மகள். எகில் கோபத்தில் கோப்பையைக் கடித்துத் துண்டாக்குகிறான். இனிச் சாக முடியாது, அதனால் தம்பிக்கு ஒரு பாட்டுக் கட்டுங்கள், நான் மரத்தில் செதுக்கி வைக்கிறேன் என்று அவள் சொல்ல, எகில் பாடத் தொடங்குகிறான். பாட்டு வளர வளர உடம்பில் தெம்பு வருகிறது.

இந்தத் தோர்கெர்டு யாருடைய மனைவி தெரியுமா? ஓடைக்கரையில் மெல்கோர்கா பேசிக்கொண்டிருந்தாளே, அந்தப் பையன் ஓலாஃபின் மனைவி. பேச்சைப் பூட்டி வைத்தவளின் மருமகள், பூட்டிய கதவுக்குள் போய்த் தந்தையின் பேச்சைத் திறந்தவள். இரண்டும் வெவ்வேறு சாகாக்களில் வருகின்றன. இரண்டையும் இணைத்துச் சொல்ல எந்த ஆய்வகமும் உதவாது. அது படிப்பவரின் வேலை, பிறகு எழுதுபவரின் வேலை. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் என்றைக்காவது உட்கார்ந்திருப்பார்கள். அந்த அடுப்படியைப் பற்றி ஒரு நாவல் வந்தால் முதல் பிரதியை நான் வாங்குவேன்.

சாகாவின் ஒற்றை வரி அப்படியே எலும்பாக எழுந்து வந்ததும் உண்டு. காலம் கொஞ்சம் பிந்தியது, 1197. நார்வேயின் அரசன் ஸ்வெர்ரேயின் கோட்டையை எதிரிகள் பிடித்தபோது, செத்த ஆள் ஒருவனைக் கிணற்றில் தலைகுப்புறப் போட்டு மேலே கல்லை நிரப்பினார்கள் என்கிறது ஸ்வெர்ரே சாகா. 1938-ல் ட்ரொந்தெய்ம் நகருக்கு அருகே அந்தக் கிணற்றில் எலும்புக்கூடு தென்பட்டது. பல ஆண்டு கழித்து முழுவதும் எடுத்தார்கள். 2024-ல் மரபணு முடிவு வந்தது: நீலக் கண்ணும் வெளிர் மயிரும் இருந்திருக்கலாம், பூர்வீகம் தெற்கு நார்வே. தெற்கு என்பது தாக்க வந்தவர்களின் பக்கம். அப்படியானால் கிணற்றில் போடப்பட்டவன் அவர்களுடைய ஆளாகவே இருந்திருக்கலாம். சாகா அவனுக்குக் கொடுத்தது ஒரு வரி, பெயர்கூடக் கிடையாது.

வின்லாந்துக் கதையில் இதைவிடப் பெரிய பாக்கி ஒன்று இருக்கிறது. எரிக்கின் சாகாவின்படி, கார்ல்செஃப்னியின் ஆட்கள் திரும்பும் வழியில் மார்க்லாந்து என்ற காட்டுக் கரையில், அதாவது பெரும்பாலும் இன்றைய லாப்ரடாரில், ஐந்து பேரைக் காண்கிறார்கள். தாடி வைத்த ஓர் ஆண், இரண்டு பெண்கள், இரண்டு சிறுவர்கள். பெரியவர்கள் தப்பிவிடுகிறார்கள். சிறுவர்களைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். தங்கள் மொழியைக் கற்றுக்கொடுத்து ஞானஸ்நானம் செய்விக்கிறார்கள். சிறுவர்கள் தங்கள் தாயின் பெயர் வெதில்டி என்றும் தந்தையின் பெயர் உவேகி என்றும் சொன்னார்களாம். தங்கள் நாட்டின் இரண்டு அரசர்கள் பெயரையும் சொன்னார்களாம். அமெரிக்கக் கண்டத்து மனிதர்களின் பெயராக ஐரோப்பிய ஏட்டில் ஏறியவற்றில் இவை மிகப் பழையவை. காதுக்குக் காது மாறி, இரண்டு மூன்று நூற்றாண்டு கடந்து, கன்றுத்தோலில் ஏறியபோது அவற்றின் ஒலி எவ்வளவு சிதைந்திருக்கும் என்று கணக்கிட முடியாது. சிறுவர்களின் சொந்தப் பெயரைச் சாகா குறிக்கவில்லை. அவர்கள் கிரீன்லாந்தில் வளர்ந்தார்களா, ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார்களா, முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்களா, எதுவும் இல்லை.

சாகாக்களிலிருந்து எழுந்த நாவல்கள் பெரும்பாலும் கப்பலின் மேல்தளத்திலிருந்துதான் கரையைப் பார்க்கின்றன. கரையிலிருந்து கப்பலைப் பார்க்கும் நாவலுக்கு இந்தச் சிறுவர்கள் வேண்டும். அதை எழுதுகிறவர் ஐஸ்லாந்து மொழியோடு நிறுத்திக்கொள்ள முடியாது. லாப்ரடார் கரையில் அன்று வாழ்ந்தவர்களின் அடுப்புக் கற்களையும், அவர்கள் கூர்தீட்டிய கல் முனைகளையும், கடல்நாய் வேட்டையின் பருவங்களையும் படிக்க வேண்டும். அவர்களுடைய வழித்தோன்றல்களாகக் கருதப்படும் இன்னு மக்களிடம் போய், அவர்கள் தங்கள் பழைய கதைகளை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும், சொல்ல விருப்பமிருந்தால். தொடங்குவதற்கு ஓர் ஆண்டு கையில் இருக்கிறது. 1021-ல், வசந்தத்திலும் அதன் பிறகும், அந்தக் கடலின் தென்கோடியில் இரும்புக் கோடரி மரத்தில் விழுந்துகொண்டிருந்தது.